நாலு கம்பி ஆறானது எப்படி?



மெல்லிசைக் குழுவில் இளையராஜா பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த என் மாமா, தன் நாலு கம்பி பேஸ் கிடாரை எனக்குக் கொடுத்தார். புது கிடார் வாங்க வசதியில்லை. அதையே ஆறு கம்பியாக்க முனைந்தேன். 1961-லேயே ஃபெண்டர் கம்பெனி 30 அங்குலக் கம்பி நீளத்தில் ஆறு கம்பி 'பேஸ் சிக்ஸ்' செய்திருக்கிறது.

என் கிடாரிலும் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதே 30 அங்குலம், அதாவது 762 மி.மீ. நீளம் மாறாதவரை ஃப்ரெட்டுகளைத் தொட வேண்டாம். 12-வது ஃப்ரெட் 381 மி.மீ.யில் அப்படியே நிற்கும். நட்டின் அகலம் 42 மி.மீ. இரு ஓரமும் 3.5 விட்டால் மீதி 35. ஆறு கம்பிக்கு ஐந்து இடைவெளி. ஒவ்வொன்றும் 7 மி.மீ.

கணியம்பாடி வீட்டில் டிரில்லைக் கையில் எடுத்தபோது, டேனரி வேலை முடிந்து வந்த அப்பா கேட்டார்: "ரெண்டு கம்பி கூட்டுறியே, கட்டை தாங்குமாடா? தோலையே அளவுக்கு மீறி இழுத்தா கிழிஞ்சிடும்."

டிரில்லைக் கீழே வைத்தேன். நாலு கம்பி தலா 15 கிலோ இழுத்தால் கழுத்தின்மேல் 60 கிலோ. ஆறும் அப்படியே இழுத்தால் 90! 60-லேயே நிறுத்த, தலா 10 கிலோதான். இழுவிசை = ஒரு மீட்டர் கம்பியின் நிறை × (2 × நீளம் × அதிர்வெண்)². ஆக, அதே சுருதிக்கு மூன்றில் இரண்டு பங்கு நிறையுள்ள மெல்லிய கம்பி வேண்டும்.

அதன்பிறகே தலைப்பகுதியில் இரண்டு துளை, ஆறு கம்பிக்கான பிரிட்ஜ். கழுத்து வளையவில்லை, கிடார் பாடுகிறது.

மரத்தில் போட்ட துளை திரும்ப மூடாது நண்பர்களே. முதலில் கணக்கு, பிறகு டிரில். சூத்திரம் எனக்குப் பாடத்தில் கிடைத்தது. கேள்வி, பள்ளிக்கூடம் பார்க்காத அப்பாவிடம் கிடைத்தது.