சுகாதாரக் கூட்டுறவுச் சங்கங்களும் நுகர்வோரின் கூட்டுக் கொள்வனவுப் பலமும்



கூட்டுறவு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது ஊரிலுள்ள சங்கக்கடையாகவே இருக்கும். அரிசியும் சீனியும் வாங்கப் பயன்படும் இதே முறையினால் வைத்தியச் செலவையும் கட்டுப்படுத்த முடியுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. பிரச்சினை யாது?

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். எனினும் சில மருந்துகளை வெளியே பாமசியில் வாங்க நேரிடுகிறது. ஸ்கான், இரத்தப் பரிசோதனை, அவசர சத்திரசிகிச்சை போன்றவற்றிற்காகத் தனியார் வைத்தியசாலையை நாடுவோரும் பலர். அப்போது அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போவதை உங்களிற் சிலர் நேரிற் கண்டிருப்பீர்கள்.

ஒரு சேட் வாங்குவதென்றால் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். பிடிக்காவிட்டால் வாங்காமலே திரும்பலாம். நோயாளியின் நிலை வேறு. காரணங்கள்:

(அ) தேவை எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியாது.
(ஆ) எதை வாங்க வேண்டும் என்பதை வாங்குபவர் அல்ல, வைத்தியரே தீர்மானிக்கிறார்.
(இ) கொள்வனவைப் பிற்போட முடியாது.

நோய் வந்தபின் எவராலும் பேரம் பேச முடியாது. நோய் வருமுன் ஒன்றுசேர்ந்தவர்களாலேயே அது முடியும். இப்பாடத்தில் நீங்கள் மறக்கக் கூடாத கருத்து இதுவே.

2. வரைவிலக்கணம்

சுகாதார சேவையைப் பெறுவோர் தாமாக ஒன்றிணைந்து, பங்குப் பணமும் சந்தாவும் செலுத்தி, வைத்தியசாலை, சிகிச்சை நிலையம், மருந்தகம் ஆகியவற்றைத் தாமே உடைமையாக்கி நடத்தும் அமைப்பு சுகாதாரக் கூட்டுறவுச் சங்கமாகும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு மட்டுமே உண்டு. கம்பனியிலிருந்து இது வேறுபடும் முக்கிய இடம் இது.

3. வரலாற்றுப் பின்னணி

● 1844: இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தனர். மா, வெண்ணெய், சீனி போன்ற சில பொருட்களே முதலில் விற்கப்பட்டன. அங்கத்தவரின் கொள்வனவுக்கு ஏற்ப இலாபம் பகிரப்பட்டது.

● 1929: அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், எல்க் சிற்றி என்ற ஊரில், டொக்டர் மைக்கல் ஷடீட் விவசாயிகளைத் திரட்டினார். 50 டொலர் பங்குகள் விற்றுச் சேர்த்த பணத்தில் கட்டப்பட்ட கூட்டுறவு வைத்தியசாலை 1931இல் திறக்கப்பட்டது. அப்பகுதியின் வைத்தியர் சங்கம் இதனை எதிர்த்தது. சங்கத்தையே கலைத்து, அவரைச் சேர்க்காமல் மீண்டும் அமைத்தனர். எனினும் வைத்தியசாலை நிலைத்தது. விவசாயிகள் அவரைக் கைவிடவில்லை.

● 1930கள்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை தோன்றியது. நமது நாட்டு உதாரணம் கேட்கப்பட்டால் இதனை எழுதுக.

4. செலவு குறைவது எவ்வாறு?

(i) மொத்தக் கொள்வனவு: நூறு பேர் தனித்தனியே வாங்கினால் விற்பவர் சொல்வதே விலை. நூறு பேருக்கும் சேர்த்து ஒருவர் வாங்கினால் விற்பவர்கள் போட்டியிட்டு விலை கூறுவர்.
(ii) முன்கொடுப்பனவு: சுகமாக இருக்கும்போதே சிறு தொகை செலுத்துவதால் நோயின்போது பெருந்தொகை தேவைப்படாது.
(iii) சம்பள முறை: வைத்தியருக்கு ஒவ்வொரு சேவைக்கும் கட்டணம் என்றில்லாது மாதச் சம்பளம் வழங்கும்போது தேவையற்ற பரிசோதனைகளுக்கான தூண்டுதல் குறையும்.
(iv) நோய்த்தடுப்பு: அங்கத்தவர் நோயுற்றால் செலவு சங்கத்திற்கே. எனவே நீரிழிவு, குருதியமுக்கம் போன்றவற்றை ஆரம்பத்திலேயே கண்டறிவது சங்கத்திற்கு நன்மை.

5. கூட்டுக் கொள்வனவுக்கு இலங்கை உதாரணம்

ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் இறக்குமதியான காலம் ஒன்றிருந்தது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவசியமான மருந்துகளைத் தெரிவு செய்து, வர்த்தகப் பெயரில் அன்றி மூலப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குவதே அவர் வகுத்த வழி. பனடோல் என்பது வர்த்தகப் பெயர், பரசிற்றமோல் என்பது மூலப்பெயர் என நினைவில் வைத்திருங்கள்.

கவனிக்க: இது அரச கூட்டுத்தாபனம், கூட்டுறவுச் சங்கம் அல்ல. எனினும் இரண்டிலும் செயற்படும் தத்துவம் ஒன்றே. பரீட்சையில் இவ்விரண்டையும் குழப்பிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

6. கணிப்புடன் விளங்கிக் கொள்வோம் (கற்பனை உதாரணம்)

ஒரு கிராமத்தில் 400 குடும்பங்கள் சங்கத்தில் சேர்ந்து மாதம் 250 ரூபா செலுத்துகின்றன.

ஆண்டு வருமானம்: 400 × 250 × 12 = 1,200,000 ரூபா
அவ்வாண்டில் 20 குடும்பங்களுக்குத் தலா 50,000 ரூபா சிகிச்சைச் செலவு: 1,000,000 ரூபா
ஒதுக்கத்திற்கு மீதி: 200,000 ரூபா

திடீரென 50,000 ரூபா தேட வேண்டியிருந்த குடும்பம் ஆண்டுக்கு 3,000 ரூபாவுடன் சமாளிக்கிறது.

இப்போது, “நமக்கென்ன நோய்?” என்று 360 குடும்பங்கள் விலகிவிட்டன எனக் கொள்வோம். நோயுள்ள 20 குடும்பங்களும் வேறு 20 குடும்பங்களும் மட்டுமே எஞ்சியுள்ளன. அதே 1,000,000 ரூபாவை 40 குடும்பங்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 25,000 ரூபா செலுத்த வேண்டும். இத்தொகையைக் கண்டு நோயற்ற குடும்பங்கள் மேலும் விலகும், சங்கம் மூடப்படும். சுகமாக இருப்பவர் சேராவிட்டால் நோயாளியைக் காக்கும் அமைப்பு நிலைக்காது. இன்று சுகமாக இருப்பவரே நாளை நோயாளி என்பதையும் சிந்தியுங்கள்.

7. குறைபாடுகள்

● கட்டடம், உபகரணம் ஆகியவற்றிற்குப் பெரும் மூலதனம் தேவை.
● விசேட வைத்திய நிபுணர்களைப் பெறுவது கடினம்.
● அங்கத்தவர் கூட்டத்திற்கு வராதுவிடின் நிர்வாகம் சிலரின் கைக்குள் போய்விடும்.
● பெரிய நிறுவனங்களுடன் போட்டியிடுவது கடினம். அமெரிக்காவின் சியற்றில் நகரில் 1947 முதல் சேவையாற்றிய ‘குறூப் ஹெல்த்’ கூட்டுறவின் நிர்வாக சபையை அங்கத்தவர்களே தெரிவு செய்தனர். அதுவும் 2017இல் கைசர் பெர்மனன்ட்டே என்ற பெரிய அமைப்புடன் இணைக்கப்பட்டது.

8. மாதிரி வினா

“வைத்தியச் செலவைக் கட்டுப்படுத்த நுகர்வோரின் ஒன்றிணைந்த கொள்வனவுப் பலம் உதவும்.” உதாரணங்களுடன் விளக்குக.

விடை எழுதும் முறை: முதலில் வரைவிலக்கணம். அடுத்து, தனி நோயாளி பேரம் பேச முடியாமைக்கு இரண்டு காரணங்கள். பின் செலவு குறையும் வழிகளில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். ஓர் இலங்கை உதாரணமும் ஒரு வெளிநாட்டு உதாரணமும் தருக. இறுதியில் ஒரு குறைபாட்டைக் குறிப்பிட்டு முடிவுரை எழுதுக. நன்மைகளை மட்டும் அடுக்கிய விடை முழுமையான விடையாகாது.

பயிற்சி: உங்கள் வீட்டில் கடந்த மாதம் மருந்துக்குச் செலவான தொகையைக் கேட்டறியுங்கள். உங்கள் ஒழுங்கையிலுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையால் அதனைப் பெருக்குங்கள். தனித்தனியே கொடுக்கும்போது சிறிதாகத் தெரிந்த பணம் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு பலமானது என்பது உங்களுக்கே விளங்கும். இப்பாடத்தை அந்தக் கணக்கிலிருந்து மீண்டும் ஒருமுறை வாசியுங்கள்.