விசாரித்ததாகச் சொல்கிறேன்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தில் ஒருவர் கையில் பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே உறையோடு பேருந்தில் ஏறிவிட்டால், இருபதாவது வளைவைக் கடந்து ஏரியின் பக்கம் வந்து இறங்குவதற்குள், அவருக்கு வந்திருக்கும் வியாதி இன்னது, அது எத்தனை நாளாக இருக்கிறது, இனி எவ்வளவு செலவாகும் என்பவையெல்லாம் உடன் வந்தவர்களுக்குள்ளேயே தீர்மானமாகிவிடும். தீய எண்ணத்தினால் இது நடக்கிறதென்று நான் ஒருநாளும் கருதியதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து நட்ட காப்பிச் செடியையே நெடுங்காலமாக நம்பி, சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளிலும், சேர்வராயன் மலையின் சிற்றூர்களிலும், ஒருவர் அடுப்பு எரிவது மற்றவருக்குத் தெரியும்படி வாழ்ந்து பழகிய மக்களுக்கு, அடுத்த வீட்டார் படுத்துவிட்டால் என்னவென்று கேளாதிருப்பதே பெரும்பாவமாகத் தோன்றும். ஆகையால், பிறர் நோயின் அந்தரங்கத்தைக் காக்கும் வழிகளைச் சொல்லப் புகுந்த நான், வம்பர்களுக்காக இதை எழுதவில்லை. அன்பினால் விசாரித்து, அன்பினாலேயே ஊருக்கு உரைத்துவிடும் நல்லவர்களுக்காக எழுதுகிறேன்.

முதற்படி எளியது. நோயாளியைக் காணச் செல்பவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கலாம், "என்ன வியாதின்னு சொன்னாங்க?" என்று கேட்கலாகாது. கட்டிலருகே இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிப்பதும், மருந்துச் சீட்டைக் கையிலெடுப்பதும், பிறர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமானமானவை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நோயாளி உங்களை நம்பித் தம் நிலையைச் சொன்னபின், விடைபெறுமுன், "யாராச்சும் கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?" என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும். சிலர், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சொல்லுங்க" என்பார்கள். சிலர், "என் தம்பிக்கு மட்டும் தெரியட்டும்" என்பார்கள். "ஒருத்தருக்கும் வேண்டாம்" என்பவரும் உண்டு. இந்த ஒரு வினாவைக் கேளாமல் வெளியே வந்தவர், பின்பு எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துகொண்டாலும், ஊகத்தை வைத்துக்கொண்டே நடக்கிறார் என்பது என் துணிபு.

மூன்றாவது படிதான் கடினமானது. மூன்றாம் மனிதர் ஒருவர் கடைவீதியில் உங்களை நிறுத்தி, "அவங்களுக்கு உடம்புக்கு என்னங்க?" என்று கேட்கும்போது என்ன சொல்வது? இந்த இடத்தில்தான் நல்லவர்கள் இடறுகிறார்கள், நானும் இடறினேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் தையல் வேலை செய்த அம்மையார் ஒருவர் சேலத்துக்குச் சிகிச்சைக்காகப் போய்வந்தார். அவருக்கு வந்த வியாதி எனக்குத் தெரியும். அதை வெளியே சொல்லலாகாதென்பதும் தெரியும். ஒருவர் வந்து வினவியபோது, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அதைப் பத்தி மட்டும் என்கிட்ட கேட்காதீங்க" என்று சொல்லி, ஒரு சொல்லும் வெளியிடாமல் காத்துவிட்டோமென்ற திருப்தியோடு வீடு திரும்பினேன். அன்று மாலைக்குள் அவருக்குப் புற்றுநோய் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அவருக்கு இருந்தது அதுவன்று. ஆயினும், உடம்பு முடியாதவருக்கு ஏன் சிரமம் கொடுக்க வேண்டுமென்ற இரக்கத்தினாலேயே, அவ்வாண்டுத் தீபாவளித் துணிகளை அக்கம்பக்கத்தார் வேறிடத்தில் தைக்கக் கொடுத்தார்கள். அந்த அம்மையார் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேளாமலிருந்ததே இன்றுவரை என் நெஞ்சை அறுக்கிறது.

அன்று நான் அறிந்துகொண்டது இது: மறுப்பும் ஒரு விடையே. சளிக்கும் காய்ச்சலுக்கும் தாராளமாகப் பதில் சொல்லிவிட்டு, பெரிய வியாதி வரும்போது மாத்திரம் வாயை மூடிக்கொள்பவன், மூடிய வாயினாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். ஆகவே, பிறருடைய சளியைப் பற்றிக்கூட நீங்கள் பேசுவதில்லை என்ற வழக்கத்தை, ஒருவருக்கும் ஒரு நோயும் இல்லாத நல்ல காலத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்த தலைவலியைச் சொல்வதில் என்ன தோஷம் என்று கேட்பீர்கள். அதில் தோஷம் ஏதும் இல்லை. ஆனால் நாளை அவன் தந்தைக்கு வரும் வியாதியை மறைக்கும் திரை, இன்று அந்தத் தலைவலியிலிருந்தே நெய்யப்பட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கேட்டவருக்கு என்ன சொல்வது? நம் மொழியிலேயே அதற்குத் தக்க வாசகம் இருக்கிறது. "நீங்க விசாரிச்சதாச் சொல்றேங்க." இதற்கு மேலான விடையை நான் கண்டதில்லை. வினவுபவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது நோயின் பெயரன்று. தாம் அக்கறையோடு கேட்ட செய்தி நோயாளியின் காதுக்கு எட்ட வேண்டும் என்பதே. அந்த அக்கறையைக் கையில் வாங்கிக்கொண்டு, உண்மையாகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், அவருக்கும் மனம் நிறைகிறது, நோயாளிக்கும் ஆறுதலாகிறது. சேர்க்காமல் விட்டால் மறுமுறை உங்கள் வாசகத்துக்கு மதிப்பிராது. இதைச் சொல்லும்போது குரல் தாழ வேண்டாம், பெருமூச்சு வேண்டாம், கண்ணை வேறுபக்கம் திருப்பவும் வேண்டாம். மழை பெய்கிறதென்று சொல்வதைப் போல இயல்பாகச் சொல்லுங்கள்.

சிலர் அத்தோடு விடமாட்டார்கள். "சுகர்தானே?" என்று ஒரு நோயின் பெயரைச் சொல்லிப் பார்ப்பார்கள். அது பொய்யாகவே இருந்தாலும் "இல்லை" என்று மறுத்துவிடாதீர்கள். முதல் ஊகத்தை மறுத்தால் இரண்டாவது வரும். அதையும் மறுத்தால் மூன்றாவது வரும். எதனிடத்தில் நீங்கள் மறுக்கமுடியாமல் நிற்கிறீர்களோ அதுவே விடையென்று கொள்ளப்படும். முதல் ஊகத்துக்கும் பத்தாவது ஊகத்துக்கும் "அவங்களே வந்து சொல்லுவாங்க, நீங்க விசாரிச்சதாச் சொல்றேன்" என்ற அதே பதில்தான். வேறொரு சிறு வியாதியின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கலாமென்ற யோசனையை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. மூட்டுவலி என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போக, மறுநாள் காலையில் முடக்கத்தான் கீரையோடு நாலுபேர் வந்து நிற்பார்கள். நீங்கள் சொன்ன பொய்யை நோயாளியல்லவா நடித்துக் காட்ட வேண்டியிருக்கும்!

சொல்லாமலே சொல்லிவிடும் கொடுமையை நாம் அண்மையில் கண்ணாரக் கண்டோம். 2020ஆம் ஆண்டில், கொரோனா தொற்றுக் காலத்தில், சென்னை முதலான ஊர்களில் நோயுற்றோர் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கதவில் சீட்டு ஒட்டினார்கள். தகரத்தில் எழுத்தொன்றும் இருக்கவேண்டியதில்லை. அதைப் படிக்கத் தெரியாதவர் தெருவில் ஒருவரும் இருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி தகுந்த அதிகாரி உத்தரவிட்டாலன்றி அத்தகைய அறிவிப்புகளை நோயாளிகளின் வீட்டு வாசலில் ஒட்டலாகாது என்று தீர்ப்பளித்தது.

நான்காவது படி விவாக விசாரணை. பெண் பார்க்க வருமுன் அக்கம்பக்கத்தில் இரகசியமாகக் கேட்பது நம்மிடையே ஊறிய வழக்கம். இங்கே கேட்பவருக்கும் ஒரு நியாயம் உண்டென்பதால் பலர் மனம் தடுமாறுகிறார்கள். மணந்துகொள்ளப் போகிறவருக்குச் சில விஷயங்கள் தெரியத்தான் வேண்டும். ஆனால் தெரிவிக்கும் உரிமை அண்டைவீட்டுக்காரரிடம் இல்லை. சென்னை மருத்துவமனை ஒன்றில் இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது; அச்செய்தி வெளிப்பட்டு, நிச்சயித்த விவாகம் நின்று, ஊரார் ஒதுக்கியதனால் அவர் தம் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவ்வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், மணமகளின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி, மருத்துவமனை அச்செய்தியை வெளியிட்டதைக் குற்றமென்று கொள்ளவில்லை. பின்பு 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதற்கு ஒரு தெளிவான ஒழுங்கை வகுத்தது. துணைவருக்கு ஆபத்து உண்டென்று கருதும் மருத்துவரோ ஆலோசகரோ, முதலில் நோயாளியே துணைவரிடம் சொல்லும்படி அவருக்கு எடுத்துரைக்க வேண்டும். அவர் சொல்லமாட்டாரென்று நிச்சயமான பிறகே, தாம் சொல்லப்போவதை அவருக்கு முன்னறிவித்துவிட்டு, துணைவரிடம் நேரில் சொல்லலாம். கற்றறிந்த மருத்துவருக்கே இத்தனை தடைகள் இருக்குமானால், திண்ணையில் அமர்ந்திருக்கும் நமக்கு ஏது அதிகாரம்? "அவங்க வீட்டுலயே மனசுவிட்டுக் கேளுங்க, அதுதான் மரியாதை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

விவாக விசாரணையோடு சேர்ந்ததுதான், பரம்பரையாக வரும் அரிவாள் செல் இரத்தசோகையைப் பற்றிய பரிசோதனையும். 1952இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட இக்குறையை ஒழிக்க 2023 ஜூலை 1இல் மத்திய அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. சோதித்துக்கொண்டவருக்கு முடிவைக் குறித்த அட்டை தரப்படுகிறது. இக்குறையைத் தம்முள் தாங்கியிருப்பவர் நோயாளி அல்லர். தாங்கிய இருவர் மணந்தால் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆகையால் அட்டையை மணமக்கள் இருவரும் தமக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பரிசோதனை முகாமில் பெயர்களைக் கூவியழைத்து, முடிவையும் கூடவே படிப்பது கொடுமை. அட்டையை உரியவர் கையில் மடித்துக் கொடுங்கள்.

இனி, மறைக்கக்கூடாத இடங்கள் சில உண்டு. காசநோயைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது 2012 முதல் மருத்துவர்களின் கடமை. அந்தத் தகவல் அதிகாரிக்குப் போகிறதேயன்றித் தெருவுக்கு வருவதில்லை. அதுபோலவே, வேலைக்கு வராதவரைப் பற்றித் தோட்டத்து மேஸ்திரியோ கணக்கப்பிள்ளையோ வருகைப் பதிவேட்டில் "உடல்நலமில்லை" என்று எழுதினால் போதும். அதற்குமேல் ஓர் எழுத்தும் அங்கே வேண்டியதில்லை.

விடுதிப் பள்ளிகள் மிகுந்த நம் மலையில், வலிப்புள்ள பிள்ளையை வைத்திருக்கும் விடுதிக் காப்பாளர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: இரவில் வலிப்பு வந்தால் பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாமா? தெரியவேண்டும். ஆனால் யாருக்கு வலிப்பு என்பது தெரியவேண்டியதில்லை. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான் தெரியவேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அமரவைத்து, விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வைக்கவும், வாயில் எதையும் திணிக்காதிருக்கவும், கையில் சாவிக்கொத்தை அழுத்துவதால் பயனில்லையென்று உணரவும், 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் கற்பித்துவிடுங்கள். உதவியை எல்லோருக்கும் கற்பித்துவிட்டால், ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டிய அவசியமே எழாது. இம்முறை பள்ளி ஆசிரியர்களுக்கும், தேயிலை, காப்பித் தோட்டத்து மேற்பார்வையாளர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கடைசியாக, இரத்தம் வேண்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி. அவசரத்தில் நாம் நோயாளியின் பெயர், தகப்பனார் பெயர், வார்டு எண், வியாதி, சில சமயம் படுக்கையில் கிடக்கும் புகைப்படம் ஆகிய யாவற்றையும் அனுப்பிவிடுகிறோம். கொடையாளருக்கு இவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை. இரத்த வகை, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதிக்குள், யாரை அழைப்பது ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். அழைக்க வேண்டிய எண் நோயாளியுடையதாக இராமல் உறவினர் ஒருவருடையதாக, அவருடைய சம்மதத்தோடு இருக்கட்டும். தேதி போடாத செய்தி இரண்டு வருஷம் கழித்தும் ஊரூராகச் சுற்றும். குணமாகி வீட்டுக்கு வந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரை முன்பின் அறியாதவர்கள் அழைத்து வியாதியைப் பற்றி விசாரிப்பார்கள். இரத்தம் கிடைத்த அன்றே, "கிடைத்துவிட்டது, நன்றி" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு முதற்செய்தியை அழித்துவிட வேண்டும். இதைப் படித்து முடித்ததும் உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். பிறர் பெயரும் வியாதியும் சேர்ந்திருக்கும் பழைய செய்தி ஏதேனும் நீங்கள் அனுப்பியது அதில் இன்னும் கிடந்தால், தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள்.