பச்சை பிடிக்கும் வரை

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில், விடுதி மாடிப்படியிலும் மெஸ் வரிசையிலும் ஒரே புலம்பல் வெவ்வேறு குரல்களில் கேட்கும். “ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட் மார்க். இங்க சார் நடத்துறதுல பாதி புரியவே மாட்டேங்குது. எனக்கு இது செட் ஆகாது போல.” இப்படிச் சொல்பவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள், தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்கல்விகளுக்கும் விரிந்தது. கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகு வரும் முதல் ஆறு மாதங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

“பாசிட்டிவா இரு, எல்லாம் சரியாயிடும்” என்கிறோம். அன்போடு சொல்வதுதான். ஆனால் நாளைக் காலை முதல் பீரியடில் கணக்கு புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்று அந்த ஆறுதல் சொல்லாது. மாணவர்களோடு பல ஆண்டுகள் பழகியதில் நான் கண்டது இது: நம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. ஒரு சின்ன வேலையைச் செய்து முடித்தவர்களிடம் அது தானாக வந்து சேர்கிறது. கீழே உள்ள யோசனைகள் எல்லாம் அதை நம்பி எழுதியவை.

திணறுவதால் தகுதி போய்விடாது

நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால் முதல் சில நாள் வெளிறி, தலை தொங்கித்தான் நிற்கும். அதைப் பார்த்து எந்த விவசாயியும் பயிர் போயிற்று என்று உழுதுவிடுவதில்லை. வேர் புது மண்ணைப் பிடிக்க நாள் எடுக்கும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் கட்டிவிட்டு, பச்சை பிடிக்கும் வரை பொறுத்திருப்பார். இடம் மாறிய பிள்ளைகளுக்கும் அந்தக் கால அவகாசம் வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர்கள் கிரெகரி வால்ட்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களிடம் அவர்கள் ஒரு செய்தியைக் கொண்டு சேர்த்தார்கள். ‘இது நமக்கான இடம்தானா என்ற சந்தேகம் தொடக்கத்தில் எல்லோருக்கும் இருந்தது, போகப் போகக் குறைந்துவிட்டது’ என்பதே மூத்த மாணவர்கள் வாயிலாக வந்த அந்தச் செய்தி. இதற்கு ஆனது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதைக் கேட்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் நன்றாக உயர்ந்தன. தனக்கு மட்டும்தான் இந்தத் திணறல் என்ற எண்ணம் போனதும், கேள்வி கேட்கவும் ஆட்களோடு பழகவும் துணிச்சல் வருகிறது.

ஆகவே முதல் யோசனை: உங்களைப் போலவே தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மூன்றாமாண்டு அண்ணனையோ அக்காவையோ இந்த வாரமே தேடிப் பிடியுங்கள். “ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல உங்களுக்கு எப்படிண்ணா இருந்துச்சு?” என்று கேளுங்கள். பதிலை முழுதாகக் கேளுங்கள். எந்தப் பாடத்தில் தடுமாறினார், யார் உதவினார், எந்தப் புத்தகம் கைகொடுத்தது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

கனவோடு தடையையும் எண்ணிப் பாருங்கள்

“ஐந்து வருடத்தில் பெரிய கம்பெனியில் இருப்பது போல நினைத்துக்கொள், நடந்துவிடும்” என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கபிரியேல எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் வேலை தேடும் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். வெற்றியை இனிக்க இனிக்கக் கற்பனை செய்து கொண்டிருந்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு வந்த வேலை வாய்ப்பும் சம்பளமும்கூடக் குறைவாகவே இருந்தன. கற்பனையிலேயே மனம் நிறைந்துவிட்டால் கை கால் அசையாது. விருப்பத்தையும் குறுக்கே நிற்கும் தடையையும் அடுத்தடுத்து வைத்து நினைத்துப் பார்ப்பதே அவர் பரிந்துரைக்கும் வழி. பிறகு, தடை வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு தாளில் இப்படி எழுதலாம். ‘கணக்கு வகுப்பில் ஒரு படி புரியாமல் போனால், அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரியை எழுதுவேன். வகுப்பு முடிந்ததும் அந்த ஒரு வரியை மட்டும் சாரிடம் காட்டிக் கேட்பேன்.’ ‘சார், எதுவுமே புரியல’ என்று போய் நின்றால் ஆசிரியரால் எதையும் தொடங்க முடியாது. ‘இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?’ என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். உங்களுக்கும் கூச்சம் பாதி குறையும்.

தெரிந்த பாடம்தான், பெயர்தான் புதிது

தமிழ்வழி மாணவர்களின் முதல் செமஸ்டர் பயத்தில் பெரும்பங்கு பாடத்தால் வருவதில்லை. அணி, அணிக்கோவை, வகைக்கெழு, தொகையீடு எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் போட்டுப் பழகியவைதான். அவையே மேட்ரிக்ஸ், டிட்டர்மினன்ட், டெரிவேட்டிவ், இன்டக்ரேஷன் என்று வரும்போது முன்பின் தெரியாதவை போல நிற்கின்றன. முடுக்கத்தைக் கரைத்துக் குடித்தவர் ஆக்ஸிலரேஷன் என்றதும் திகைக்கிறார்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கம் வகுப்பில் கேட்ட சொல், வலப்பக்கம் உங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல். ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள். பழைய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களை எடைக்குப் போடாமல் விடுதிக்குக் கொண்டுவாருங்கள். அதே புத்தகங்களின் ஆங்கிலவழிப் பதிப்பைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு பாடம் படித்துப் பாருங்கள். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

ஆங்கிலத்தில் பேசுவது வேறு கதை. அதற்குக் காலம் எடுக்கும். ஆய்வகத்தில் செய்த சோதனையை மூன்றே வாக்கியத்தில் நண்பரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். பிழை வரட்டும். சிரிக்காத ஒரு நண்பர் கூட இருந்தால் போதும்.

புத்தகத்தை மூடி வைத்துப் படியுங்கள்

பள்ளியில் திரும்பத் திரும்ப வாசித்தே மதிப்பெண் வாங்கியிருப்போம். கல்லூரியில் அந்த முறை காலை வாரிவிடும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே கூடுதலாக நினைவிருந்தது.

அன்றன்று நடத்தியதை அன்று இரவே புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தடைபடும் இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள். ஒரு பாடத்துக்கு இருபது நிமிடம் ஆகும். தேர்வுக்கு முந்தின இரவு கண்விழித்துப் படிப்பதைவிட இது எளிது. அந்த இரவு ஏழு மணி நேரம் தூங்கிவிட்டுப் போகலாம்.

கெட்ட நாள் வந்தால்

இன்டர்னலில் ஐம்பதுக்குப் பன்னிரண்டு வரும் நாள் இருக்கும். அறைத்தோழனோடு சண்டை, மெஸ் சாப்பாடு இறங்காமை, ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எல்லாம் ஒன்றாக வரும் நாளும் இருக்கும். அன்றைக்குச் சிரித்த முகம் காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஆனால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கைப்பேசியில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே படுத்திருப்பதை மட்டும் தவிருங்கள்.

மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்று, மனம் ஒப்பாவிட்டாலும் சின்னச் சின்ன வேலைகளில் ஆளை மெல்ல ஈடுபடுத்துவது. செயல் முதலில், மனநிலை பின்னால். நீங்களும் செய்யலாம். குளியுங்கள். மெஸ்ஸில் தனியாக உட்காராமல் யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மைதானத்தை நான்கு சுற்று நடந்து வாருங்கள். பிறகு, கட்டாயம் உங்களால் முடியும் என்று தெரிந்த ஒரே ஒரு கணக்கைப் போடுங்கள். இன்னொன்று: ‘படிப்பை விட்டுவிடலாம்’ போன்ற முடிவுகளை இரவு பத்து மணிக்கு மேல் எடுக்காதீர்கள். அந்தக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் சாப்பிட்ட பிறகு யோசிக்கலாம்.

அரியர் விழுந்துவிட்டால் அதை மறைப்பதற்குச் செலவழிக்கும் சக்தியைக் காரணம் கண்டுபிடிப்பதில் செலவிடுங்கள். எந்த யூனிட்டில் கை வைக்கவே இல்லை? தெரிந்த விடையை எழுத நேரம் போதவில்லையா? தெரியாத கேள்விகளே வந்தனவா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் அடுத்த முறைக்கு வேலை தெளிவாகிவிடும். ஒரு பாடம் போனதால் படிப்பே போனதாகாது.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

எல்லாக் கஷ்டத்தையும் நல்ல மனதோடு ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராகிங், சாதிப் பெயர் சொல்லிக் குத்துவது, பாலியல் தொல்லை ஆகியவை வளரும் பருவத்து வலிகள் அல்ல. இவை குற்றங்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங்குக்கு எதிரான தனிச் சட்டம் இருக்கிறது. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. எதுவாக இருந்தாலும் தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயர் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். சகித்துக்கொள்வதைப் பக்குவம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பணக் கஷ்டத்தையும் மனதுக்குள் வைத்துப் புழுங்க வேண்டாம். தகுதியுள்ள மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. முதல் பட்டதாரி சலுகை, கல்வி உதவித்தொகை பற்றியெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு? உங்களுக்கென்று ஒதுக்கியதைத்தானே கேட்கிறீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“உன்னை நம்பித்தான் குடும்பமே இருக்கு” என்று தைரியம் சொல்வதாக நினைத்துச் சொல்கிறீர்கள். ஏற்கெனவே திணறும் பிள்ளையின் தலையில் அது இன்னொரு மூட்டை. “சாப்பிட்டியா? நல்லாப் படிக்கிறியா?” என்று கேட்டால் “ம், ஆச்சும்மா” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். “இன்னைக்கு என்னடா நடந்துச்சு? யார்கூடப் பேசின?” என்று கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் குறைந்ததைச் சொன்னால் முதலில் “சொன்னியே, அதுவே போதும்” என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை அந்த அழைப்பில் எடுக்கவே வேண்டாம். அப்படிப் பேசினால்தான் அடுத்த முறையும் உங்களிடம் உண்மை வரும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டு, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், வகுப்புக்குப் போகவே முடியாமல் இருந்தால், இந்தக் கட்டுரையின் யோசனைகள் மட்டும் போதாது. மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். நண்பர் உங்களிடம் அப்படிச் சொன்னால், “யாரிடமும் சொல்லாதே” என்று அவர் கெஞ்சினாலும் வார்டனுக்குச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளலாம். உயிரோடிருந்து கோபித்துக்கொள்ளட்டும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் மூத்த மாணவரோடு ஒரு பேச்சு, அடுத்த வாரம் சொல் நோட்டு, அதற்கடுத்து இரவு எழுதிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு முதலாண்டுப் பிள்ளை அதே திகைப்போடு வந்து நிற்கும். நீங்கள் எந்தப் பாடத்தில் தடுமாறினீர்கள், எப்படித் தாண்டினீர்கள் என்பதை ஒளிக்காமல் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதற்காகவாவது இப்போதிருந்தே குறித்து வையுங்கள்.