தைக்குள் மூக்கு மாறுமா?

கேள்வி: எனக்கு வயது 25. கோவையில் ஐ.டி. வேலை. மூக்கு அகலம், நுனி உருண்டை. சின்ன வயதிலிருந்து "அப்படியே அப்பா மூக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, செல்ஃபி எடுத்தாலே மூக்கைப் பார்த்துவிட்டு அழித்துவிடுகிறேன். தை மாதம் கல்யாணம், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் மூக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு நடிகையின் மூக்கை என் முகத்தில் ஒட்டிப் பார்த்த படம் போனில் இருக்கிறது. அதேபோல் வருமா டாக்டர்? பிறகு மூக்குத்தி போடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அதேபோல் வராது. படத்தைப் பார்க்காமலே சொல்கிறேனே என்று கோபப்படாதீர்கள், யாருக்கும் வராது.

மூக்கு ஆபரேஷனில் நாங்கள் கைவைப்பது உள்ளே இருக்கும் எலும்பிலும் குருத்தெலும்பிலும். மேலே இருக்கும் தோல் அவரவருடையது. நாற்காலியின் மேல் வேட்டியைப் போர்த்தினால் கைப்பிடி, விளிம்பு எல்லாம் தெரியும். ஜமக்காளத்தைப் போர்த்தினால் மொத்தையாக ஒரு மேடுதான் தெரியும். மூக்குத் தோலும் அப்படித்தான். நுனியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தடிப்பாக, எண்ணெய்ப் பசையோடு, தோலின் நுண்துளைகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் உங்களுடையது ஜமக்காளம். நம் ஊரில் நிறைய பேருக்கு இதுதான். உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் வெளியே கூர்மையாகத் தெரியாது. அதிகமாகச் செதுக்கினால் தாங்க ஆளில்லாமல் நுனி சரியும், மூச்சும் அடைக்கும். அதனால் வெட்டிக் குறைப்பதைவிட, மூக்கின் நடுத்தண்டிலிருந்தோ காதிலிருந்தோ ஒரு துண்டு குருத்தெலும்பை எடுத்து நுனிக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்துவோம். நிமிர்ந்தால் அகலம் குறைந்தது போலத் தெரியும். நாசித் துவாரம் ரொம்ப அகலம் என்றால் அடியில் சின்ன ஆப்பு போல எடுத்துத் தைக்கலாம். தையல் கோடு மடிப்பில் மறையும், சிலருக்கு லேசாகத் தெரியவும் தெரியும்.

அடுத்து அந்த செல்ஃபி. போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான், அது ஊதித் தெரியும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கின் அடிப்பாகம் ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. நீங்கள் அழித்த படங்களில் இருந்தது உங்கள் மூக்கே இல்லை என்றுகூடச் சொல்வேன்.

இனி தை மாதம். ஆபரேஷன் முடிந்ததும் மூக்கின்மேல் ஒரு வாரம் பட்டை இருக்கும். கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருப்பது இரண்டு வாரத்தில் போகும். அதன் பிறகு வெளியில் போய் வரலாம். வீக்கம் அப்படிப் போகாது. நுனியில்தான் கடைசிவரை நிற்கும். முழுதாக வடிய ஒரு வருடம், தடித்த தோலுக்கு அதற்கும் மேல். மூன்று மாதத்தில் முகூர்த்தம் என்றால் கல்யாண ஆல்பத்தில் இருக்கப்போவது பாதி வடிந்த மூக்கு. நுனி மரத்துப்போயும் இருக்கும். ஆகவே தைக்கு முன் வேண்டாம். "உங்களுக்காக அவசரமாக முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மூக்குத்தி போடலாம். ஆபரேஷனுக்கு முன் கழற்றியாக வேண்டும். பிறகு குறைந்தது ஆறு வாரம் போடக் கூடாது. அதற்குள் துளை தூர்ந்துபோகலாம். துவாரத்தைச் சிறிதாக்கினால் பழைய துளை கொஞ்சம் இடம் மாறியும் தெரியும். கண்ணாடி அணிபவராக இருந்தால் அதையும் சில வாரம் மூக்கின்மேல் உட்காரவைக்கக் கூடாது.

திருத்த ஆபரேஷன் பற்றி யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நல்ல கைகளில்கூட நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு இரண்டாவது தடவை தேவைப்படுகிறது. அதையும் ஒரு வருடம் கழித்துத்தான் செய்ய முடியும். சேர்த்த பணம் முழுவதையும் முதல் தடவையிலேயே கரைத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "அப்பா மூக்கு". மேலே ஒரு முடிச்சு இருக்கிறது, சமப்படுத்துங்கள் என்று வருபவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகப் போகிறார்கள். சொந்தக்காரர்களின் பேச்சு நிற்க வேண்டும் என்று வருபவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததில்லை. மூக்கு சரியானால் சித்திக்குத் தாடை கண்ணில் படும். தினமும் இதற்காகவே கண்ணாடி முன் நேரம் போகிறது, வெளியே போகவே தயக்கம் என்றால், கத்தியைத் தொடுவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன்.

பங்குனிக்கு மேலும் ஆசை இருந்தால் வாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவரா, அல்லது மூக்கு ஆபரேஷன் அடிக்கடி செய்யும் காது மூக்கு தொண்டை நிபுணரா என்று கேளுங்கள். உங்களைப் போன்ற தோல் உள்ளவர்களின் ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் இரண்டு படம் கொண்டுவாருங்கள்: வாசல் வெளிச்சத்தில் நின்று, அம்மாவை ஐந்தடி தள்ளி நிற்கவைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நடிகையின் படம் போனிலேயே இருக்கட்டும்.