பழைய வீட்டை இடிக்குமுன்

நமது உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயிலை அறியாதார் இலர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அதன் சுவர்களில் உள்ளன. தேர்தல் முறையை அறிவதற்காக அவற்றைப் பாடத்தில் படிக்கிறோம், கட்டடத்தைக் கவனிப்பதில்லை. ஊர்ச் சபையார் கூடிய மண்டபமே பிற்காலத்தில் கோயிலாயிற்று என்பர் அறிஞர். சபை மறைந்தபின் மண்டபத்தையும் இடித்திருந்தால், அந்த எழுத்துகள் நமக்குக் கிட்டியிருக்குமா?

இன்று நம் சுற்றுப்புறச் சிற்றூர்களில் திண்ணையும் முற்றமும் உடைய நாட்டு ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. கூரை ஒழுகுகிறது, குரங்குகள் ஓட்டைப் பெயர்க்கின்றன, ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை எனப் பெரியோர் கூறும் குறைகள் உண்மையே. மழை இரவுகளில் எழுந்து, ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைக்கும் வேலை நம்மைப் போன்ற பெண்களுக்குத்தானே வாய்க்கிறது! எனினும், ஒழுகும் கூரைக்காக உறுதியான சுவரையும் சேர்த்து இடிக்க வேண்டுமா என்பதே கேள்வி.

பழைய கட்டடங்களைச் சீர்செய்வதையே தொழிலாகக் கொண்ட கட்டடக் கலைஞர்கள் முதலில் தேடுவது நீர் வரும் வழியை. கூரையில் எங்கே இறங்குகிறது? தரையிலிருந்து சுவரில் ஈரம் ஏறுகிறதா? சாலையை மேலும் மேலும் உயர்த்தியதால் வாசலுக்குள் வெள்ளம் புகுகிறதா? அதன்பின் மரங்களைத் தட்டிப் பார்ப்பர். கரையான் அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து நல்ல மரத்தை இணைப்பர்.

சுவர்ப் பூச்சில்தான் பலர் ஏமாறுகின்றனர். சுண்ணாம்பால் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூசினால் வலுக்கூடும் என நினைக்கிறோம். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடைபடுகிறது. உப்புப் பூத்துச் செங்கல் உதிர்கிறது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலும், மனிதரால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது. நிற்கும் சுவரின் செங்கல்லோ எப்போதோ சூளையில் வெந்து முடிந்தது. அதற்காக இனி விறகு எரிக்க வேண்டியதில்லை.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் இக்கலையைக் கண்ணாரக் காணலாம். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு முதலியவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பினர். லாரி பேக்கர் வகுத்த திட்டத்தின்படி, அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் இப்பணியில் ஈடுபட்டார். அரிய செயல்தான், ஆயினும் அங்குள்ள அடுப்புகளில் யாரும் சமைப்பதில்லை. குடியிருக்கும்போதே வீட்டைக் காப்பது இதனினும் மேலானது என்பது நம் எண்ணம்.

புனித பிரான்சிஸ் அசிசியார் பாழடைந்த சான் தமியானோ சிற்றாலயத்தைச் சீரமைத்த வரலாற்றை நாம் மறைக்கல்வியில் கேட்டிருக்கிறோம். வீடு வீடாகக் கல் கேட்டுப் பெற்று, பழைய அடித்தளத்தின் மேலேயே அவர் கட்டினார்.

எல்லா வீடுகளையும் காக்க இயலாது. சுவர் சாய்ந்துவிட்டால் இடித்தே ஆகவேண்டும். அப்போதும் கதவு, நிலை, தூண், ஓடு ஆகியவை புதிய வீட்டிற்கு உதவும். நம் வீட்டில் இடிப்புப் பேச்சு எழுந்தால், கூரைக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு, மரத்திற்கு எவ்வளவு எனச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் தனித்தனியே கணக்குக் கேட்கச் சொல்வோம். ஐப்பசி அடைமழைக்கு முன்பே அழைத்துக் காட்டுவது நல்லது.