மூசிக்கு மூச்சுத் திணறுவது ஏன்?

கேள்வி: ஹைதராபாத்தின் மூசி ஆற்றில் மிதக்கும் குப்பையை அள்ளிவிட்டால் நீர் சுத்தமாகிவிடாதா?

பதில்: ஆகாது. மூசியைக் கொல்வது நீரில் கரைந்து கிடக்கும் கரிமக் கழிவு. மலத்தையும் சமையல் கழிவையும் நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன் எப்படிப் பிழைக்கும்? நுண்ணுயிர்களின் இந்த ஆக்சிஜன் தேவையைத்தான் பிஓடி என்று அளக்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 1908 பெருவெள்ளத்துக்குப் பின் கட்டிய உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் அணைகள் மேலிருந்து வரும் நீரைத் தேக்கிக்கொள்வதால், கோடையில் நகருக்குள் ஓடுவது பெரும்பாலும் சாக்கடையே. அணைகளைத் திறந்துவிடலாமே என்பார்கள். கழிவின் செறிவு குறையும், கழிவு குறையாது. கீழே நல்கொண்டா வயல்கள்வரை அது போகும். ஆகவே, சாக்கடையைக் கொண்டுவரும் ஓடைகளான நாலாக்களை ஆற்றில் கலக்குமுன் மறித்து, அம்பர்பேட்டை போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்ப வேண்டும். குப்பை அள்ளுவதும் தேவைதான், ஆனால் அது இரண்டாவது வேலை.