லத்தியின் எல்லை

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராவதாக எழுதியிருக்கிறாய். ஓட்டம், கயிறு ஏறுதல், மார்பளவு என்று நீ கேட்டதெல்லாம் உடம்பைப் பற்றியே இருக்கிறது. அதற்கான பதிலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்டு வரும் அறிவிப்புகளின்படி, ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167 போதும். மார்பு 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் மதிப்பெண் கணக்கைக் கொஞ்சம் பார். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைத்தாளையே திருத்துவார்கள். அதன் பிறகு மொத்தம் உள்ள 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. தோளைவிடத் தலைக்குத்தான் வாரியமே அதிக மதிப்பெண் வைத்திருக்கிறது. நான் அதற்கும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: தன் அதிகாரம் எந்த இடத்தில் முடிகிறது என்று தெரிந்திருப்பதுதான் காவலருக்கு முதல் தகுதி. அதைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே, இப்போதே தொடங்கு.

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்பதற்கு உன் ஓட்டப்பிடாரம் தாலுகாவின் வரலாறே சான்று. பாஞ்சாலங்குறிச்சி உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பாளையக்காரர் காலத்தில் காவல் என்பது பரம்பரை உரிமை. ஊர்கள் காவல் வரி கொடுத்தன. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, 1801இல் பாளையங்களை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கும்பினி அந்த உரிமையைப் பறித்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளுக்குப் பின் வரி வசூலும் காவலும் ஒரே தாசில்தார் கையில் சேர்ந்தன. பணம் கேட்பவனிடமே தடியையும் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சென்னை மாகாணத்தில் சித்திரவதை வழக்கமாகவே இருந்தது என்று 1855இல் ஒரு விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்துதான் 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது; வருவாய்த்துறையிலிருந்து பிரிந்து தனிக் காவல்துறை உருவானது. நீ சேர விரும்பும் துறையின் பிறப்புக்கே, அடிப்பதை அம்பலப்படுத்திய ஓர் அறிக்கை காரணமாக இருந்தது என்பதை மறக்காதே.

வெள்ளைக்காரன் போனதோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிடவில்லை. உன் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்து, தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் நாசமாக்கினார்கள். 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூடு 13 உயிர்களைக் குடித்தது. அதில் காவல்துறை வரம்பு மீறியது என்றே நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் முடிவு சொன்னது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்த சில நாட்களில் கோவில்பட்டியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இந்த மூன்றில் எங்காவது காவலர்களின் உடல் வலிமை குறைந்ததால் கேடு வந்ததா? வலிமை ஏராளமாகவே இருந்தது. கை எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவுதான் இல்லாமல் போயிற்று.

அதே சாத்தான்குளத்தில் இன்னொன்றையும் கவனி. அன்றிரவு பணியில் இருந்தவர் தலைமைக் காவலர் ரேவதி. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவின்பேரில் நீதித்துறை நடுவர் விசாரிக்க வந்தபோது, நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன. காக்கிச் சட்டை போட்ட மற்றவர்கள் ஒத்துழைக்க மறுத்த இடத்தில், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருக்கிறது, அழிப்பதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் அவர்தான். பயத்தோடுதான் சொன்னார், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவும் முதலில் தயங்கினார். அந்தத் தயக்கம் அவர் செய்ததன் மதிப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. அந்த நிலையத்தில் சட்டத்தின் பக்கம் நின்ற ஆளைத் தேடினால் கிடைப்பவர் ஓர் ஏட்டுதான். அவரை அங்கே நிற்க வைத்தது ஓட்டத்தில் வாங்கிய நட்சத்திரமா, சொல்?

உடனே நீ கேட்பாய்: “அடிக்காமல் களவுப் பொருள் எப்படி வெளியே வரும்? ரவுடியிடம் சட்டப் புத்தகத்தையா காட்டுவது?” இதைக் கேட்பது நீ மட்டுமில்லை, தெருவில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. இப்போதைய சாட்சிய அதிநியமத்திலும் அது அப்படியே தொடர்கிறது. ஒப்புதலின்பேரில் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் சான்றாகலாம் என்ற விலக்கு ஒன்று உண்டு. லத்தியைத் தூக்கச் சொல்லும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஆனால் தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) கூறு சொல்கிறது. அடித்து வாங்கியது என்று மருத்துவச் சான்று காட்டிவிட்டால், உண்மையான திருடனும் அதே வாசல் வழியாக வெளியே போய்விடுவான். அடியால் வழக்கு கெடும். பல நேரம் குற்றவாளிதான் பிழைப்பான்.

ஆபத்து இல்லாத வேலை என்று நான் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் மணக்கரை அருகே தேடப்பட்டவனைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியானார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஏரலில் உதவி ஆய்வாளர் பாலு வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். பீடி இலையும் கடல் அட்டையும் கடத்தும் கடற்கரையில் இரவு ரோந்து போவதும் எளிதில்லை. இந்தச் சாவுகள் நல்ல தற்காப்புக் கருவியும் போதிய ஆள்பலமும் சரியான முன்தகவலும் வேண்டும் என்று கேட்கின்றன. கையில் ஆயுதம் வைத்திருப்பவனை மடக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தச் சட்டமே இடம் தருகிறது. லாக்கப்பில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பவன் கையில் வெடிகுண்டு இல்லை. முதலாமவனுக்கான நியாயத்தை இரண்டாமவன் மேல் திருப்புவதுதான் குற்றம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: “இன்ஸ்பெக்டர் சொன்னால் காவலன் என்ன செய்ய முடியும்?” உண்மைதான், விடுப்புக்கும் பணியிடத்துக்கும் மேலதிகாரியின் தயவில் இருப்பவன் நிமிர்ந்து பேசுவது சுலபமில்லை. ஆனாலும் சட்டவிரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது நீதிமன்றத்தில் உன்னைக் காப்பாற்றாது. சாத்தான்குளம் வழக்கில் சி.பி.ஐ. குற்றம் சாட்டிய ஒன்பது பேரில் ஆய்வாளர் முதல் காவலர் வரை எல்லாப் படியிலும் ஆள் இருந்தார்கள். அப்படியொரு உத்தரவு வரும் நேரத்தில் கீழ்நிலைக் காவலரிடம் இருக்கும் ஒரே கவசம் எழுத்து. பாரா பார்க்கும் காவலர் பொறுப்பு மாறும்போது லாக்கப்பில் எத்தனை பேர், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துப் பொதுநாட்குறிப்பில் நேரத்தோடு பதிந்தால், அந்த வரி பின்னால் பேசும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கேட்டதும் இதைத்தான். கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், ஒரு சாட்சியும் கைதானவரும் கையெழுத்திட வேண்டும். வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் கூறு.

பயிற்சிப் பள்ளியில் இதெல்லாம் சொல்லித் தருவார்களே என்று நினைக்காதே. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பேரூரணியில் உள்ளது போன்ற பள்ளிகளில் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ ஏழு மாதம்தான். கவாத்தும் துப்பாக்கிச் சுடுதலும் சட்ட வகுப்பும் அதற்குள்ளேயே முடிய வேண்டும். நார்வேயில் காவலராக மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு வேண்டும். நமக்குக் கிடைப்பது சில மாதம் என்றால், மீதியை நீயே படித்து ஈடுகட்டத்தான் வேண்டும்.

ஆகவே இன்றே தொடங்கு. முதலில், எந்த அடிதடியிலும் உன் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறாமல் பார்த்துக்கொள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகிறது தமிழ்நாட்டுக் காவல் பணி விதி. 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதைச் சரி என்றது. நம் பக்கத்துச் சாதிச் சண்டைகளில் ஊர்ப் பையன்கள் பெயரை மொத்தமாகச் சேர்த்துவிடுகிற வழக்கம் உனக்குத் தெரியும். வழக்கு இருந்தால் மறைக்காதே. மறைத்தது தெரிந்தால் அந்தக் காரணத்துக்காகவே வேலை போய்விடக்கூடும். அடுத்து, கைது பற்றிய பகுதிகளை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் தமிழிலேயே படி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது அதுதான். தினமும் ஒரு நிகழ்ச்சியை எடுத்து, யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று பத்து வரியில் எழுதிப் பழகு. தூத்துக்குடி நீதிமன்றத்தில் ஒருநாள் பின் பெஞ்சில் போய் உட்கார். சாட்சிக் கூண்டில் நிற்கும் காவலரிடம் வக்கீல், “இந்த நேரத்தை எப்போது எழுதினீர்கள்?” என்று கேட்பதைக் கவனி. உண்மையை எழுதியவர் அங்கே தடுமாற மாட்டார்.

சம்பளத்துக்காகத்தான் இந்த வேலைக்குப் போகிறேன் என்றாலும் அதில் தவறில்லை. 18,200 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் அரசு வேலை ஒரு குடும்பத்தை நிமிர்த்தும். ஆனால் அதோடு கூடவே, இன்னொரு மனிதனைக் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமையையும் அரசு உனக்குத் தருகிறது. வேறு பத்தாம் வகுப்பு வேலைகளில் பெரும்பாலும் அது கிடையாது. அந்த உரிமையின் அளவு என்ன என்று சேரும் முன்பே படித்துக்கொண்டு போகிறவன், தப்பான உத்தரவு வரும் இரவில் யோசிக்கத் தொடங்க வேண்டியிருக்காது. முன்பே யோசித்து முடித்திருப்பான். நீ அப்படித் தயாராகிச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

அன்புடன்,
அண்ணன்